தண்ணிக்குள்ள என்னா போச்சு?

போன வருடம் என் இரண்டு முட்டிகளும் பேசி வைத்துக்கொண்டு வேலைநிறுத்தம் செய்தன. ஆமைக் குளத்தில் இறங்கினால் ஏற முடியவில்லை. புல்கட்டைத் தூக்கக் குனிந்தால் நிமிர முடியவில்லை. கொஞ்ச நாள் மறைத்துப் பார்த்தேன். முதலாளி தர்மலிங்கம் அண்ணனிடம் எதையும் மறைக்க முடியாது. "போதும்லா ராஜு. ஆட்டை நீ பாத்துக்கிறியா, ஆடு உன்னைப் பாத்துக்குதான்னே தெரியல" என்றார். அப்படித்தான் நான் ஓய்வு பெற்றேன்.

இப்போது பண்ணையில் புதிதாக இரண்டு பிள்ளைகள் சேர்ந்திருக்கிறார்கள். தொட்டிக்குள் ஒரு கருவியைப் போட்டு வைத்திருக்கிறார்கள். தண்ணீர் கெட்டால் அது கைப்பேசியில் மணி அடிக்கும். "அங்கிள், இது இல்லாம அப்பல்லாம் எப்படி சமாளிச்சீங்க?" என்று அவர்களில் ஒருத்தி கேட்டாள். "எங்ககிட்ட தர்மலிங்கம் அண்ணன் இருந்தாரு. அவரு நாள் முழுக்க மணி அடிச்சுக்கிட்டே இருப்பாரு" என்றேன். சிரித்தாள். அது சிரிப்புக்குச் சொன்னது. உண்மையான பதில் கொஞ்சம் நீளம், அதனால் எழுதிவிடுகிறேன்.

நானும் அண்ணனும் புக்கிட் ரம்பாய் என்ற ஊரில் ஒரே தொழிற்சாலையில் வேலை பார்த்தவர்கள். நான் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டினேன். அவர் கழிவுத் தண்ணீரைச் சுத்தம் செய்யும் பகுதியில் இருந்தார். அப்போதே அவருக்குத் தண்ணீர்ப் பைத்தியம். கண்ணாடிக் குவளையில் தண்ணீரை மொண்டு வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, மாப்பிள்ளை வீட்டார் பெண்ணைப் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டிருப்பார். தொழிற்சாலை மூடியதும் அவர் தங்கா பத்து கிராமத்துக்கு உள்ளே தென்னையும் புதருமாகக் கிடந்த ஒரு துண்டு நிலத்தை வாங்கி ஆட்டுப் பட்டி போட்டார். நான் பாச்சாங் பக்கம் வேலை கேட்டுக் கடை கடையாக ஏறி இறங்கினேன். ஒரு நாள் பாசார் மீன் சந்தையில் மீன் குடல் நிறைந்த வாளியோடு எதிரே வந்தார்.

"வேலை இருக்கு. நாறும். வரியா?"

அவ்வளவுதான் நேர்காணல். அடுத்த வாரமே என் மனைவி கலாவையும் சட்டி பானைகளையும் லோரியில் ஏற்றிக்கொண்டு போய்ச் சேர்ந்தேன். பண்ணைக்குள்ளேயே ஒரு பலகை வீடு கொடுத்தார்கள். ஆடுகள், இரண்டு பசுக்கள், கோழிகள், பின்பக்கம் ஆமைக் குளம். வாளி மீன் குடல் அந்த ஆமைகளுக்குத்தான். ஆமை என்றதும் என் மாமியார் வாசல் மிதிக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டார். வீட்டுக்குள் ஆமை வந்தால் குடும்பம் விளங்காது என்பது அவர் கணக்கு. கலா சளைக்கவில்லை. "ஆமை நம்ம வீட்டுக்கு வரலம்மா, நாமதான் ஆமை வீட்டுக்கு வந்திருக்கோம். பயப்படணும்னா அதுதான் பயப்படணும்" என்றாள்.

முதல் ஒரு வருடம் கற்றுக்கொண்டதை நான்கு வரியில் சொல்லிவிடலாம். ஈரப்புல்லைத் தின்றால் ஆட்டுக்கு வயிறு ஊதும். பசுவுக்கு நம் கோபம் தெரியும். எங்களிடம் இருந்தது மெத்தென்ற ஓடுள்ள ஆமை, சீனக் கடைகளில் சூப்புக்கு வாங்குவார்கள். அதன் கழுத்து நாம் நினைப்பதைவிட நீளம், பின்னங்கால்களுக்கு முன்னால் உள்ள பள்ளத்தில் விரலை மாட்டித் தூக்காவிட்டால் திரும்பிக் கடிக்கும். இந்தக் கடைசிப் பாடத்துக்கு என் இடது கட்டைவிரலில் இன்னும் அத்தாட்சி இருக்கிறது.

ஆனால் ஆமை முட்டையைப் பற்றி நான்கு வரியில் சொல்ல முடியாது. பெண் ஆமை குளக்கரை மணலில் பள்ளம் பறித்து முட்டையிட்டு மூடிவிட்டுப் போய்விடும். முட்டை பிங்பாங் பந்து மாதிரி உருண்டை, எது தலை எது கால் என்று தெரியாது. ஒரு நாள் போனால் மேல்பக்கத்தில் வெள்ளையாக ஒரு பொட்டு விழும். உயிர் அங்கேதான் ஒட்டிக்கொள்கிறது. அதற்குப் பிறகு முட்டையைப் புரட்டினால் குஞ்சு செத்துப்போகும். அதனால் பொட்டு தெரிந்ததும் பென்சிலால் மெல்ல ஒரு கோடு போட்டு, கோடு மேலே இருக்கும்படியே எடுத்து, மணல் பெட்டியில் அப்படியே வைக்க வேண்டும். மணலைக் கைப்பிடியில் இறுக்கினால் உருண்டையாக நிற்க வேண்டும், தண்ணீர் சொட்டக் கூடாது. அண்ணன் என் பக்கத்தில் குந்தியிருந்து, நான் முட்டை எடுக்கும்போதெல்லாம் தானும் மூச்சைப் பிடித்துக்கொள்வார். முட்டை பெட்டிக்குள் போனதும் இரண்டு பேரும் ஒன்றாக மூச்சு விடுவோம். அவர் ஒரு தடவையும் கத்தியதில்லை. தப்பாகச் செய்தால், "இன்னொரு வாட்டி" என்பார். அதே குரலில், எத்தனை தடவையானாலும்.

ஆமை வளர்ப்பு கைவந்த பிறகு அண்ணனுக்கு அடுத்த ஆசை வந்தது. நன்னீர் சிங்கி இறால். எங்கள் பண்ணையில் எல்லோருக்கும் அது லோப்ஸ்டர்தான். கூரை போட்டு, சிமெண்டுத் தொட்டிகள் கட்டினோம். பிளாஸ்டிக் குழாயைச் சாண் சாணாக அறுத்து, கட்டுக் கட்டாகக் கட்டித் தொட்டிக்குள் அடுக்கினோம். ஒவ்வொரு குழாயும் ஒரு சிங்கிக்கு வீடு. அந்த வீடு ஏன் வேண்டும் என்றால், சிங்கி வளரும்போது பழைய ஓட்டைச் சட்டைபோல் கழற்றிப் போடும். கழற்றிய உடனே உடம்பு தயிர்போல் மெத்தென்று இருக்கும். அந்த நேரத்தில் ஒளிய இடம் இல்லையென்றால் கூடப்பிறந்ததே தின்றுவிடும். கழற்றிப் போட்ட ஓட்டை நாம் எடுத்துக் குப்பையில் போடக் கூடாது. அதையே அது தின்று புது ஓட்டைக் கெட்டியாக்கிக்கொள்ளும். இதையெல்லாம் பார்த்தபோது எனக்கு அந்த ஜீவன் மேல் ஒரு மரியாதை வந்தது.

சிங்கி வந்ததும் அண்ணனின் தண்ணீர்ப் பைத்தியம் முழுசாக முற்றியது. தலையில் எண்ணெய் வைத்துக்கொண்டு தொட்டிப் பக்கம் வரக் கூடாது. பவுடர் கூடாது. கொசுவத்தி கூடாது. சோப்பு போட்ட கையைப் பத்து தடவை கழுவினாலும் தண்ணீருக்குள் விடக் கூடாது. காலையில் கொட்டகைக்குள் நுழைந்ததும் முதல் கேள்வி, "தண்ணிக்குள்ள என்னா போச்சு?" நாங்கள் ஒவ்வொருவரும் பதில் சொல்ல வேண்டும். தீனி இவ்வளவு, முட்டை ஓட்டுத்தூள் இவ்வளவு, வேறு ஒன்றுமில்லை. அண்ணனின் மனைவி சரசு அண்ணிக்கே இதில் சலுகை கிடையாது. "எங்க கல்யாணத்துல ஐயர்கூட இவ்வளவு கேள்வி கேக்கலலா" என்று அண்ணி சலித்துக்கொள்வார்.

எல்லாத் தொட்டிகளிலும் முக்கியமானது தாய்த் தொட்டி. வாலுக்கு அடியில் முட்டைகளைச் சுமந்துகொண்டிருக்கும் பெண் சிங்கிகளை மட்டும் பொறுக்கி அதில் விடுவோம். பண்ணையின் அடுத்த வருடம் முழுவதும் அந்தத் தொட்டிக்குள்தான் இருந்தது. அது எங்கள் வீட்டுக் குழாயடிக்குப் பக்கத்தில் இருந்தது என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். கலா அந்தக் குழாயடியில்தான் துணி துவைப்பாள்.

அந்த வருடம் மாட்டுப் பொங்கலுக்கு அண்ணன் உற்சாகமாக இருந்தார். பசுக்களுக்கு உண்ணி பிடித்திருந்ததால் ஒரு பெரிய அண்டா நிறைய வேப்பிலையை அரைத்துப் போட்டுக் கொதிக்க வைத்து, மஞ்சள் கரைத்து, அதில்தான் குளிப்பாட்டினோம். கொம்புக்குச் சாயம், கழுத்துக்கு மாலை, கரும்பு. அதே வேப்பிலைத் தண்ணீர் கொஞ்சத்தைச் சொம்பில் எடுத்து வைத்துக்கொண்டு, எங்கள் எல்லோர் கையிலும் மஞ்சள் நூல் கட்டிய வேப்பங்கொத்து ஒன்றைக் கொடுத்தார். பட்டியைச் சுற்றி வந்து தெளித்தோம். ஆடுகள் மேல் தெளித்தோம், கோழிகள் மேல் தெளித்தோம். ஆமைக் குளத்தில் தெளித்தபோது வெளியே நீட்டியிருந்த மூக்குகள் எல்லாம் ஒரே நேரத்தில் உள்ளே போயின. அண்ணி, "அதுங்களுக்கு சாமி நம்பிக்கை இல்ல" என்றார். எல்லோரும் சிரித்தோம்.

பிறகு சிங்கிக் கொட்டகைக்கு வந்தோம். அண்ணன் தாய்த் தொட்டியின் முன்னால் நின்று கைகூப்பினார். "இதுங்களும் நம்ம பட்டிதானே" என்றார். பூசைத் தண்ணீர் கால் படுகிற இடத்தில் போகக் கூடாது இல்லையா? அதனால் சொம்பில் மிச்சமிருந்ததைத் தொட்டியிலேயே ஊற்றினார். கொத்தும் கால் படக் கூடாதது. மிதந்தால் பம்பை அடைக்கும் என்று குழாய்க் கட்டுக்கு அடியில் செருகினார். அவரைப் பார்த்து நாங்களும் எங்கள் கொத்துகளைச் செருகினோம். பொங்கலோ பொங்கல் என்று கூவினோம். நல்ல மனதோடு செய்தது. வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டோம்.

சில நாளில் தாய்த் தொட்டியில் சாவு விழ ஆரம்பித்தது. சட்டை கழற்றப் போன சிங்கிகள் பாதியிலேயே மாட்டிக்கொண்டன. வால் வெளியே வந்திருக்கும், தலைப்பக்கம் ஓட்டுக்குள்ளேயே இருக்கும். பக்கவாட்டில் சாய்ந்து காலை உதைத்துக்கொண்டே கிடக்கும். முட்டை சுமந்தவை முட்டைகளை உதிர்த்தன. அண்ணன் குவளையில் தண்ணீரை எடுத்து வெளிச்சத்தில் பார்த்தார், சோதனை மருந்துச் சொட்டு விட்டுப் பார்த்தார், பாதித் தண்ணீரை மாற்றினார், குழாய் வழியே விடும் காற்றை அதிகமாக்கினார். சாவு நிற்கவில்லை. அவர் சாப்பாட்டைக் குறைத்துக்கொண்டதைப் பார்த்துப் பயந்துவிட்டேன்.

"தண்ணிக்குள்ள என்னா போச்சு?" என்று ஒவ்வொருவரையும் தனித்தனியாகக் கேட்டார். தீனி தவிர ஒன்றுமில்லை என்றேன். கலாவும் அதையே சொன்னாள். அண்ணியும் அதையே சொன்னார். அண்ணன் தன்னையே கேட்டுப் பார்த்திருந்தாலும் அதே பதிலைத்தான் சொல்லியிருப்பார். யாரும் பொய் சொல்லவில்லை. பூசை செய்ததை நாங்கள் யாரும் தண்ணீருக்குள் ஒன்றைப் போட்டதாக நினைக்கவே இல்லை. யாராவது நினைத்திருந்தாலும் வேப்பிலை மேல் எங்களுக்குச் சந்தேகம் வந்திருக்காது. அம்மை போட்டால் அதைத்தானே பக்கத்தில் வைக்கிறோம்?

கொசுப்புகை அடிக்கும் வண்டி மேல் முதலில் சந்தேகம் போனது. அது அந்தப் பக்கம் வந்தே பல நாள் ஆகியிருந்தது. பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, கோழி வாங்க வந்த ஆட்கள் நான்கைந்து பேர் நின்றுகொண்டிருக்கும்போது அண்ணி வாயை விட்டார்.

"இந்தத் தொட்டில மட்டும் ஏன் சாவுது? பக்கத்துல யாரு துணி தொவைக்கிறா? சாபுன் தண்ணி போவாம வேற எங்க போவும்?"

கலா கையில் கோழியைப் பிடித்தபடி நின்றாள். "அண்ணி, என் தண்ணி ரோட்டுப் பக்கம் வாய்க்கால்லதான் போவுது. நீங்களே பாத்திருக்கீங்க" என்றாள். வந்தவர்கள் அவளையும் தொட்டியையும் மாறி மாறிப் பார்த்தார்கள். அண்ணன் அங்கேதான் இருந்தார். இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. கொஞ்ச நேரம் கழித்து என்னிடம், "கலா இனிமே கொட்டகை பக்கம் வர வேணாம்" என்று மட்டும் சொன்னார்.

அன்றைக்குக் கலா அழவில்லை. அழுதிருந்தால் சமாதானம் செய்திருப்பேன். பெட்டியை இறக்கித் துணிகளை மடித்து வைக்க ஆரம்பித்தாள். "எங்கூடப் பொறந்த அண்ணன் வீடு பாச்சாங்ல இருக்கு. நீங்க வேலையப் பாருங்க, நான் போறேன். கொலகாரின்னு பேரு வாங்கிக்கிட்டு இங்க தண்ணி குடிக்க என்னால முடியாது" என்றாள். அவள் இல்லாத வீட்டில் நான் எப்படி இருப்பேன்? இருவரும் போய்விடுவது என்று முடிவு செய்தோம். அந்த வயதில் எனக்கு வேறு வேலை கிடைக்கும் என்ற நம்பிக்கை துளியும் இல்லை. அண்ணன் மேல் அவ்வளவு கோபம் எனக்கு அதற்கு முன்னும் வந்ததில்லை, பின்னும் வந்ததில்லை.

காலையில் போய்ச் சொன்னேன். அவர் தலையை ஆட்டினார். "போறதுக்கு முன்னால தாய்த் தொட்டியைக் காலி பண்ண கை குடு. உயிரோட இருக்கிறத வேற தொட்டிக்கு மாத்தணும்" என்றார். சிங்கிகள் என்ன பாவம் செய்தன என்று இறங்கினேன். தண்ணீரை வடித்தோம். உயிரோடு இருந்தவற்றை ஒவ்வொன்றாகப் பொறுக்கி வாளியில் விட்டோம். கடைசியாகக் குழாய்க் கட்டுகளைத் தூக்கினோம். அடியில் கறுப்பாக, கூழாக, நாற்றத்தோடு ஏதோ ஒட்டிக்கொண்டிருந்தது. அண்ணன் கையில் எடுத்தார். இலைகள் உதிர்ந்து போயிருந்தன. மஞ்சள் நூல் மட்டும் அவிழாமல் இருந்தது.

அவர் ஈரத்தொட்டிக்குள்ளேயே உட்கார்ந்துவிட்டார். நான் ஒன்றும் புரியாமல் நின்றேன். வேப்பிலை கெடுதலா செய்யும் என்றுதான் இன்னமும் யோசித்துக்கொண்டிருந்தேன்.

"கத்திரிச் செடிக்கு வேப்பெண்ணெய் ஏன் அடிக்கிறோம் ராஜு?" என்றார்.

"பூச்சிக்கு."

"அடிச்சா பூச்சிக்கு என்னா ஆவும்? தோல் உரிக்க முடியாம சாவும். இதுவும் உரிக்கிற சாதிதானலா." கொத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "தெனம் ஊரெல்லாம் கேட்டேன். என்னைய நான் கேக்கல."

பிறகு, குஞ்சு வாங்கும் இடத்தில் விசாரித்தபோது அவர்களும் அதையேதான் சொன்னார்கள். ஆனால் அன்றைக்கு அவர் யாரையும் விசாரிக்கவில்லை. கையில் அந்தக் கொத்தோடு, கால்சட்டையெல்லாம் சேறாக, நேராக எங்கள் பலகை வீட்டுக்கு நடந்தார். பெட்டிகள் வாசலில் இருந்தன. போகிற வழியிலேயே, "சரசு! இங்க வா!" என்று கூப்பிட்டார். அவர் குரலை உயர்த்தி நான் கேட்டது அந்த ஒரு தடவைதான்.

"கலா, நான் ஊத்துனதுதாம்மா. உன் சாபுன் இல்ல. என் வேப்பிலை. எல்லாத்துக்கும் நான்தான்."

கலா கொத்தைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். "சரிண்ணே" என்று சொல்லி முடித்துவிடுவாள் என்று நினைத்தேன். அவள் அப்படிப்பட்ட ஆள் இல்லை. "கொலகாரின்னு சொன்னப்ப கோழி வாங்க வந்தவங்க கேட்டாங்கண்ணே. இல்லன்னு சொல்றப்ப இங்க நாம நாலு பேருதான் இருக்கோம்" என்றாள்.

அண்ணி என்னவோ சொல்ல வாயெடுத்தார். அண்ணன் கையைக் காட்டி நிறுத்தினார். "அவ கேக்குறது ஞாயம்" என்றார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஆரம்பித்தார். கோழிக்கு வந்தவர்கள், ஆட்டுக்கு முன்பணம் கொடுக்க வந்தவர்கள், ஆமை வாங்க வந்த சீனக் கடைக்காரர், சாணம் அள்ள வந்த பக்கத்துக் கம்போங் கிராமத்து ஆள், யாரையும் விடவில்லை. "லோப்ஸ்டர் எங்க?" என்று கேட்டவர்களுக்கும் சொன்னார், கேட்காதவர்களுக்கும் சொன்னார். தமிழில் சொன்னார், மலாயில் சொன்னார், சீனக் கடைக்காரருக்குப் பாதி கையாலேயே சொன்னார். நான் பூசை பண்ணினேன், நான் ஊற்றினேன், நானே கொன்றேன், பழி மட்டும் கலாவுக்குப் போனது. கேட்டவர்கள் சிரித்தார்கள். தண்ணீர் வேலையில் இருந்தவனுக்கே இப்படியா என்று கேலி செய்தார்கள். அதையும் நின்று வாங்கிக்கொண்டார். அண்ணிகூட ஒரு நாள் ஒரு சட்டி கருவாட்டுக் குழம்போடு வந்து, "எனக்கு வாய் நீளம் கலா. இன்னிக்கு நேத்தா?" என்று வாசலில் உட்கார்ந்துவிட்டுப் போனார். எங்கள் பெட்டிகள் மறுபடியும் மேலே ஏறின.

வாளியில் தப்பிப் பிழைத்த தாய்ச் சிங்கிகளைக் கலாவிடம் ஒப்படைத்தார் அண்ணன். அவள் கையில்தான் அந்தத் தொட்டி மறுபடியும் நிறைந்தது. இன்றைக்கும் குஞ்சுக் கொட்டகை அவள் பொறுப்பு. மாட்டுப் பொங்கலன்று சிங்கிகளுக்குத் தொட்டிச் சுவரின் வெளிப்பக்கம் ஒரு குங்குமப் பொட்டோடு சரி. சாமி கோபித்துக்கொண்ட மாதிரி தெரியவில்லை.

அந்தப் பலகை வீட்டில் இருந்துதான் என் மகளைப் படிக்க வைத்தேன், அவள் கல்யாணத்தை முடித்தேன். என் மாமியார்கூடக் கடைசிக் காலத்தில் வந்து ஆமைக் குளத்தருகே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். தர்மலிங்கம் அண்ணன் எனக்குக் கொடுத்ததைச் சொல்ல எனக்கு வார்த்தை போதாது. சோறு கொடுத்த முதலாளிகள் நிறைய இருப்பார்கள். வேலைக்காரன் மனைவியின் பேரை, தன் பேரைக் கெடுத்துக்கொண்டு காப்பாற்றிக் கொடுத்தவர் எனக்கு வாய்த்தார். அந்த நன்றியை நான் உயிரோடு இருக்கும்வரை சொல்வேன்.

நான் ஓய்வு பெற்ற அன்று பண்ணையில் ஒரு கிடா வெட்டி விருந்து வைத்தார்கள். புதிதாக வந்த அந்த இரண்டு பிள்ளைகளும் இருந்தார்கள். வழக்கம்போல அண்ணன் தொண்டையைச் செருமிக்கொண்டு, "உங்களுக்கு ஒரு கதை சொல்லணும்" என்று ஆரம்பித்தார். இத்தனை வருடம் ஆகியும் புது முகம் வந்தால் அவர் அந்தக் கதையைச் சொல்லாமல் இருந்ததில்லை. கலா கரண்டியை வைத்துவிட்டு எழுந்து வந்தாள்.

"நீங்க சாப்பிடுங்கண்ணே, ஆறிடும். இத நான் சொல்றேன்" என்றாள்.

பிள்ளைகள் பக்கம் திரும்பி உட்கார்ந்து சொன்னாள். உண்ணியில் ஆரம்பித்தாள், அண்டாவைச் சொன்னாள், மஞ்சள் நூலைச் சொன்னாள், சிங்கிகள் சட்டைக்குள் மாட்டிக்கொண்டு செத்ததைச் சொன்னாள். "யாரு ஆன்ட்டி போட்டது?" என்று அந்தப் பெண் கேட்டாள்.

"நாங்கதான். எல்லாரும் ஆளுக்கு ஒரு கொத்து போட்டோம்" என்றாள் கலா.

சோப்பைப் பற்றியோ, கோழி வாங்க வந்தவர்களைப் பற்றியோ, பெட்டியைப் பற்றியோ அவள் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. அண்ணன் கையில் சோற்றோடு அப்படியே இருந்தார். திருத்தப் போகிறார் என்று நினைத்தேன். வாயைத் திறந்தார். கலா அவர் தட்டில் ஒரு கரண்டி கறியைப் போட்டு, "சாப்பிடுங்கண்ணே" என்றாள். அவர் குனிந்து சாப்பிட ஆரம்பித்தார்.